ஆஸ்லோ முங்க் மியூசியம் ரிவ்யூ: ஸ்க்ரீம் மட்டும் பாத்துட்டு கிளம்பிடாதீங்க

நார்வே தலைநகர் ஆஸ்லோ போற பிளான் இருந்தா, ஓவியர் எட்வர்ட் முங்க்கோட படைப்புகள வெச்சிருக்குற முங்க் மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்கிடுங்க. ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்னு நினைச்சு போகாதீங்க. அப்படி வர்றவங்க எஸ்கலேட்டர் ஏறி நேரா அவரோட புகழ்பெற்ற ஸ்க்ரீம் (அலறல்) படத்துக்கு முன்னாடி போய் நின்னு, ரெண்டு கன்னத்துலயும் கைய வெச்சு ஒரு செல்ஃபி எடுத்துட்டு, கீழ வந்து ஒரு மக் வாங்கிட்டு கிளம்பிடறாங்க. அவங்க பாத்தது அந்த மனுஷனோட வாழ்க்கையில ஒரே ஒரு சாயங்காலம் தான். மிச்ச எண்பது வருஷமும் அதே பில்டிங்ல தான் இருக்கு.

இப்ப எங்க பாத்தாலும், ஓவியத்துக்குள்ளயே நிக்குற மாதிரி காட்டுற இம்மர்சிவ் எக்ஸ்பீரியன்ஸ்னு போர்டு வெச்சுடறாங்க இல்லையா, அதனால இத எழுதணும்னு தோணுச்சு. 2018ல பாரிஸ்ல ஒரு பழைய இரும்பு வார்ப்பட பட்டறைய எடுத்து அட்டேலியே தே லூமியேர்னு பேர் வெச்சு கிளிம்ட்ங்குற ஓவியரோட படங்கள புரொஜெக்டர் வெச்சு சுவரு தரை எல்லாம் ஓட விட்டாங்க, செம ஹிட்டு, அடுத்த வருஷம் வான்கோ, அப்புறம் உலகம் பூரா கூடாரம் போட்டு வான்கோ தான். ஏன் எப்பவும் அவரே வர்றாருன்னா சிம்பிள், அவர் இறந்தது 1890, கிளிம்ட் இறந்தது 1918, காப்பிரைட் எப்பவோ முடிஞ்சாச்சு, நல்ல ரெசல்யூஷன்ல இமேஜ் கிடைச்சா புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து யாரு வேணா நடத்தலாம். நானும் ஒரு ஊர்ல ஒரு மால்ல அப்படி ஒரு ஷோ பாத்தேன். சூரியகாந்தி இதழ் உதிர்ந்து கால் மேல விழுது, வயலின் உருகுது, கடைசில காக்கா பறக்குது, லைட் ஆஃப். பாக்க அழகா தான் இருந்துச்சு. ஆனா எந்த இடத்துல கண்ணு கலங்கணும்னு மியூசிக் முடிவு பண்ணிடுச்சு, வெளிய வந்து யோசிச்சா அவரப் பத்தி எனக்கு புதுசா ஒன்னும் தெரியல. வான்கோவோட ஸ்டாரி நைட் நிஜத்துல ஒரு மீட்டர் அகலம் கூட இல்லாத படம். அத ரெண்டு மாடி உயரத்துக்கு இழுத்தா பெயிண்ட் எங்க தடிமனா இருக்கு, பிரஷ் எங்க அழுத்தி இறங்கிருக்குன்னு எதுவுமே தெரியாது. அந்த அழுத்தத்துல தானே அந்த ஆளே இருக்காரு.

முங்க் மியூசியத்துலயும் இருட்டு ரூம் இருக்கு, சத்தம் இருக்கு, நிழல் நடமாடுது. ஆனா அதெல்லாம் கடைசில உங்கள ஒரிஜினல் முன்னாடி கொண்டு போய் நிறுத்துது. எனக்கு இந்த இடம் இவ்ளோ புடிச்சதுக்கு காரணமே அது தான்.

பேக்ரவுண்ட் கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சுட்டு போனா தான் உள்ள நிக்க முடியும். எட்வர்ட் முங்க் பொறந்தது 1863. அஞ்சு வயசுல அம்மா டிபில போயிட்டாங்க. பதிமூணு வயசுல அக்கா சோஃபி, அவங்களும் டிபி, அவங்களுக்கு வயசு பதினஞ்சு. அப்பா ராணுவ டாக்டர், ரொம்ப பக்தி, வீட்லயே ரெண்டு பேர காப்பாத்த முடியாத டாக்டர். ஒரு தங்கச்சிக்கு மனநோய். தம்பி முப்பது வயசுல போயிட்டாரு. அம்மா இடத்துல இருந்து வளத்தது காரன்னு (Karen) பேர் கொண்ட சித்தி. இவ்ளோவும் நடந்த வீட்ல இருந்து வந்த மனுஷன் எண்பது வயசு வரைக்கும் வாழ்ந்து, வரைஞ்சுகிட்டே இருந்தாரு. 1940 ஏப்ரல்ல ஜெர்மன் படை நார்வேக்குள்ள வந்துச்சு, அதே மாசம் தன்கிட்ட இருந்த எல்லாத்தையும் ஆஸ்லோ நகராட்சிக்குன்னு உயில் எழுதி வெச்சுட்டாரு. அதுக்கு முன்னாடியே 1937ல நாஜிங்க ஜெர்மனி மியூசியங்கள்ல இருந்து இவரோட 82 படைப்புகள இழிந்த கலைன்னு சொல்லி தூக்கிட்டாங்க, அந்த பயம் இருக்கும்ல. 1944 ஜனவரில அவர் போனப்போ எக்கெலிங்குற வீட்ல ஆயிரத்துக்கும் மேல ஓவியம், பதினஞ்சாயிரத்துக்கும் மேல பிரிண்ட், அதாவது அச்சு எடுத்த படங்கள். கல்யாணம் பண்ணிக்கல, குழந்தை இல்ல, படத்த விக்கவும் மனசு வராது. ஒரே ஆளோட படைப்பு இவ்ளோ மொத்தமா ஒரே கூரைக்கு கீழ இருக்குறது ரொம்ப அபூர்வம். முதல் மியூசியம் 1963ல ஆஸ்லோல தோயென்ங்குற பகுதில தொறந்தாங்க, இப்ப இருக்குற பதிமூணு மாடி பில்டிங் 2021 அக்டோபர்ல கடல் ஓரமா வந்துச்சு, மேல் பகுதி மட்டும் முன்பக்கம் குனிஞ்ச மாதிரி சாஞ்சு நிக்கும், தூரத்துலயே தெரிஞ்சுடும்.

இப்ப உள்ள போலாம். நிரந்தர கலெக்‌ஷன் இருக்குற பெரிய ஹாலுக்கு இன்ஃபினிட்னு பேரு. வருஷ வரிசைல மாட்டல, காதல், சாவு, தனிமை, உடம்புன்னு விஷயத்த வெச்சு பிரிச்சிருக்காங்க. இது சரியான முடிவு. ஏன்னா இவர் ஒரே விஷயத்த முப்பது நாப்பது வருஷம் விடாம திரும்பத் திரும்ப வரைஞ்சவரு. நோயாளி குழந்தை படத்தயே எடுத்துக்கோங்க, முதல் தடவை 1885-86ல வரைஞ்சாரு, கடைசி ரெண்டு 1920கள்ல. மொத்தம் ஆறு பெயிண்டிங், அது போக லித்தோகிராஃப், எட்சிங்னு அச்சு படங்கள் வேற. அக்கா செத்து கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சும் அதே தலகாணி, அதே செம்பட்ட முடி.

அந்த படத்துக்கு கிட்ட போங்க, கயிறு வரைக்கும் போங்க. பொண்ணு பெரிய வெள்ளை தலகாணில சாஞ்சு வலது பக்கம் பாத்துட்டு இருக்கா, பக்கத்துல ஒரு பெண் தலைய முழுசா குனிஞ்சுட்டாங்க, முகமே தெரியாது, உச்சி வகிடு மட்டும் தான். ரெண்டு பேரோட கையும் சேர்ற இடத்த மட்டும் பாருங்க. விரல் கிடையாது. நகம் கிடையாது. ரெண்டு மூணு இழுப்பு பெயிண்ட் தான், எது யாரோட கைன்னே பிரிக்க முடியாது. முகத்த அவ்ளோ கவனமா வரைஞ்சவருக்கு கை வரைய தெரியாதா என்ன? அந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னேன். ஆஸ்பத்திரில யாரோட கையயாவது புடிச்சுட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்குறவங்களுக்கு அது புரியும், கொஞ்ச நேரத்துல எது நம்ம சூடு எது அவங்க சூடுன்னே தெரியாது. மாடலா உக்காந்த பொண்ணு பெட்ஸி நீல்சன்னு பதினோரு வயசு பொண்ணு, குனிஞ்சிருக்குறது அந்த சித்தியே தான். அக்காவ வளத்த அதே சித்தி, வேற ஒரு குழந்தை பக்கத்துல, திரும்பவும் அதே மாதிரி உக்காந்திருக்காங்க. 1886ல இத முதல்முறை வெச்சப்போ பாத்தவங்க கிண்டல் பண்ணாங்களாம், முடிக்காத படம்னு.

இதோட சேத்து பாக்க வேண்டியது நோயறைல சாவு, 1893. இதுல சோஃபி உக்காந்திருக்குற நாற்காலி நமக்கு முதுக காட்டிட்டு இருக்கும், அவ முகமே தெரியாது. குடும்பம் மொத்தமும் அந்த ரூம்ல இருக்கு, ஆனா ஒருத்தர் இன்னொருத்தர பாக்கல, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு திசை. முக்கியமான விஷயம் என்னன்னா அக்கா செத்தப்போ இவங்க எல்லாம் சின்ன பசங்க, ஆனா படத்துல அவங்கள பெரியவங்களா வரைஞ்சிருக்காரு, படம் வரைஞ்சப்போ அவங்களுக்கு என்ன வயசோ அந்த வயசுல. பதினாறு வருஷம் ஆச்சு, எல்லாரும் வளந்துட்டாங்க, ஆனா இன்னும் அந்த ரூம விட்டு ஒருத்தரும் வெளிய வரல. சோஃபி கடைசியா உக்காந்திருந்த பிரம்பு நாற்காலிய முங்க் சாகுற வரைக்கும் வீடு வீடா கூடவே தூக்கிட்டு போனாரு. அது இப்ப மியூசியத்தோட சொத்து. இத தெரிஞ்சுகிட்டு அந்த படத்த பாத்துட்டு, அப்புறமா தான் ஸ்க்ரீம் பக்கம் போகணும்ங்குறது என் அபிப்ராயம்.

ஸ்க்ரீம வெச்சிருக்குற விதம் எனக்கு ரொம்ப புடிச்சுது. தனியா ஒரு கருப்பு ரூம். பெயிண்டிங், டிராயிங், பிரிண்ட்னு மூணு வெர்ஷன் இருக்கு, ஆனா ஒரு நேரத்துல ஒன்னு தான் தெரியும், மத்த ரெண்டும் மூடியிருக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ மாத்துவாங்க. ஒரே நேரத்துல மூணையும் காட்டலாமேன்னு கூட வந்தவங்க கேட்டாங்க. முடியாது, ஏன்னா அட்டையிலும் பேப்பர்லயும் வரைஞ்சது, வெளிச்சம் பட்டா போயிடும், அதனால ஒன்னு வேலை செய்யும்போது மத்த ரெண்டுக்கும் ரெஸ்ட். 1910 வெர்ஷனோட மஞ்சள் ஏன் வெளிறுதுன்னு விஞ்ஞானிங்க ஆராய்ச்சி பண்ணி 2020ல வெளியிட்டாங்க, காட்மியம் மஞ்சளுக்கு வெளிச்சத்த விட ஈரப்பதம் தான் பெரிய எதிரின்னு கண்டுபுடிச்சாங்க. ஈரம் எங்கருந்து வருதுன்னா கிட்ட நின்னு மூச்சு விடுற நம்மகிட்ட இருந்தும் தான். அதே படம் 2004ல பட்டப்பகல்ல துப்பாக்கிய காட்டி திருடப்பட்டது, 2006ல திரும்ப கிடைச்சது, கீழ இடது மூலைல ஈரம் பட்ட கறை இருக்கு, தேடினா தெரியும்.

எனக்கு கிடைச்சது அந்த 1910 படம். எதிர்பார்த்தத விட சின்னது, மூணடி உயரம் கூட இல்ல. போஸ்டர்ல பாத்து பழகின முகத்துல இருந்து இது வேற, கண்ணுல பாப்பாவே இல்ல, வெறும் குழி. அந்த உருவம் காதப் பொத்திக்குது. சாயங்காலம் ரெண்டு நண்பர்களோட நடந்து போனப்போ வானம் ரத்தமா மாறுச்சு, நான் நின்னுட்டேன், அவங்க நடந்துட்டே இருந்தாங்க, இயற்கை முழுக்க ஒரு அலறல் ஓடுறத உணர்ந்தேன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு. பின்னாடி ரெண்டு உருவம் நிமிர்ந்து நிக்குது பாருங்க, அந்த நண்பர்கள். அவங்களுக்கு ஒன்னுமே கேக்கல. அந்த படத்துல என்ன உலுக்குறது அந்த முகம் இல்ல, அந்த ரெண்டு பேரு தான். உள்ள ஒன்னு நடக்குது, பத்தடில இருக்குற நம்ம ஆளுங்களுக்கு சாதாரண சாயங்காலம்.

அடுத்து ஷேடோஸ்ங்குற பகுதி. பக்கா இம்மர்சிவ்னு சொல்லணும்னா இது தான். எக்கெலில முங்க் 1916ல வாங்கின வீட்ட மனசுல வெச்சு கட்டின ரூம்கள், மங்கலான வெளிச்சம், சுவத்துல நிழல் அசையுது, எங்கயோ இருந்து சத்தம் வருது, நடுநடுவுல அவர் நிஜமா வெச்சிருந்த பொருள்கள். அந்த வீடே இப்ப இல்ல, 1960ல இடிச்சுட்டாங்க, விண்டர் ஸ்டூடியோ மட்டும் தான் எக்கெலில மிச்சம். அதனால வீட்ட அச்சு அசலா திரும்ப கட்டாம, ஞாபகத்துல இருக்குற வீடு மாதிரி பாதி தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சிருக்காங்க. என் தங்கச்சி பொண்ணு என் கைய புடிச்சுகிட்டு "பெரியம்மா, இங்க யாரு இருக்கா?"ன்னு கிசுகிசுன்னு கேட்டா. ஒரு வயசான தாத்தா தனியா இருந்தாரு, நாய்ங்க மட்டும் கூட இருந்துச்சுன்னேன். நாய்னதும் பயம் போயிடுச்சு. முங்க்குக்கு நாய் மேல உயிரு, சினிமாவுக்கு கூட்டிட்டு போவாராம், நாய் குரைச்சா படம் நல்லா இல்லன்னு எழுந்து வந்துடுவாராம். அதே ஆளுக்கு பக்கத்து வீட்டு நாய் ரோலேவோட வருஷக்கணக்குல சண்டை, அந்த கோவத்துல அத பல்ல காட்டிட்டு நிக்குற மாதிரி படமாவே வரைஞ்சிருக்காரு. சோகம் மட்டும் இல்ல, இந்த மாதிரி சில்லற கோவமும் ஒரு மனுஷனோட மன வாழ்க்கை தானே.

அங்க எனக்கு ஒரு குறை பட்டுச்சு. ஷேடோஸ்ல எழுத்து விளக்கம் கம்மி, உணர்ந்துக்கோங்கன்னு விட்டுடறாங்க, கதை தெரியாம போறவங்களுக்கு அது அழகான இருட்டு ரூம் மட்டும் தான். அதோட முங்க்கோட தங்கச்சி லாராவ பத்தி இன்னும் நிறைய சொல்லிருக்கலாம். அண்ணனோட பதட்டம் உலகப் புகழ் ஆயிடுச்சு, தங்கச்சி மனநல ஆஸ்பத்திரிகள்ல காலத்த கழிச்சாங்க, அவங்க பக்கம் என்னன்னு எனக்கு கேக்கணும் போல இருந்துச்சு. ஒரு கலைஞனோட மனச காட்டுற மியூசியம், அந்த மனசுக்குள்ள இருந்த மத்தவங்களுக்கும் கொஞ்சம் இடம் குடுக்கணும்.

காதல் பகுதிலயும் இதே கேள்வி வருது. துல்லா லார்சன்னு ஒரு பெண், வருஷக்கணக்கா உறவு, அவங்க கல்யாணம் வேணும்னாங்க, இவர் ஓடிட்டே இருந்தாரு. 1902ல ஓஸ்கோர்ட்ஸ்ட்ராண்ட்ல இருந்த வீட்ல நடந்த சண்டைல துப்பாக்கி வெடிச்சு இவரோட இடது கை நடுவிரல் சிதைஞ்சது, யாரு சுட்டதுன்னு இன்னிக்கும் தெளிவா தெரியாது. அந்த கையோட எக்ஸ்ரே மியூசியத்துகிட்ட இருக்கு. ரெண்டு பேரையும் சேத்து வரைஞ்ச ஒரு படத்த அப்புறம் நடுவுல ரம்பம் வெச்சு அறுத்து ரெண்டாக்கிட்டாரு. அதுக்கு அப்புறம் வர்ற படங்கள்ல அந்த பெண் கொலைகாரியா வந்துட்டே இருக்காங்க. அத பாக்கும்போது இவர் மேல பரிதாபமும் வருது, கோவமும் வருது. பிரஷ் கைல வெச்சிருக்குறவரோட கதை மட்டும் தானே நமக்கு வந்து சேருது.

1908ல உடைஞ்சு போறாரு. குடி, தூக்கமின்மை, யாரோ துரத்துறாங்கங்குற பயம், கோபன்ஹேகன்ல டாக்டர் ஜேக்கப்சன் கிளினிக்ல பல மாசம். அங்க இருந்தப்போவே டாக்டர காலை அகட்டி நிக்க வெச்சு நெருப்பு கலர்ல ஒரு போர்ட்ரெய்ட் வரைஞ்சாரு, நோயாளி டாக்டர பாக்குற பார்வைன்னா அது தான். 1909ல நார்வே திரும்பி கிராகெரோங்குற கடலோர ஊர்ல தங்குறாரு. இதுக்கு அப்புறம் தான் மான்யுமென்டல்னு இருக்குற உயரமான ஹாலுக்கு போகணும். அங்க சூரியன். ஆஸ்லோ யுனிவர்சிட்டி விழா மண்டபத்துக்காக வரைஞ்ச படங்களோட இன்னொரு பெரிய வெர்ஷன், கிராகெரோல பாத்த சூரிய உதயம், கடலும் பாறையும், நடுவுல இருந்து கதிர் நேரா நம்ம மேல பாயுது. சுவர் அளவு படம், ஆனா புரொஜெக்டர் பெருசாக்கினது இல்ல, மனுஷன் ஏணி போட்டு ஏறி வரைஞ்சது. கிட்டப் போனா பெயிண்ட் வழிஞ்சு இறங்கினது தெரியும். நோயறை, கருப்பு ரூம், எக்கெலி நிழல் எல்லாத்தையும் தாண்டி வந்து இதுக்கு முன்னாடி நின்னப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, மியூசிக் ஒன்னும் போடல, யாரும் ஒன்னும் சொல்லல.

கடைசி கால படங்கள்ல கடியாரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுலன்னு ஒரு சுயசித்திரம் இருக்கு, 1940லருந்து 43க்குள்ள வரைஞ்சது, முள்ளே இல்லாத கடியாரம் ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம், நடுவுல நேரா நிமிர்ந்து நிக்குற கிழவர், பின்னாடி மஞ்சளா வெளிச்சம் நெறஞ்ச ரூம்ல வாழ்நாள் படங்கள். 1930ல வலது கண்ணுல ரத்தக்கசிவு வந்தப்போ பார்வைல மிதந்த அந்த இருண்ட உருவத்தயே வரைஞ்சு வெச்சவரு, சாவ மட்டும் விட்டுடுவாரா.

படங்கள மாத்தி மாத்தி மாட்டுவாங்க, அதனால நான் பாத்த எல்லாமே நீங்க போறப்போ இருக்கும்னு சொல்ல முடியாது, போறதுக்கு முன்னாடி வெப்சைட்ல பாத்துக்கோங்க, டிக்கெட்டும் அங்கயே எடுத்துடுங்க. ஆஸ்லோ பாஸ் வெச்சிருந்தா அதுலயே கவர் ஆயிடும். ஆஸ்லோ சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், ஓபரா ஹவுஸ் பக்கத்துல தான். உள்ள சாப்பாடு நம்ம கணக்குக்கு விலை அதிகம், நார்வே முழுக்கவே அப்படித்தான், சாப்ட்டுட்டு போறது நல்லது. சின்ன பசங்கள ஷேடோஸுக்கு தாராளமா கூட்டிட்டு போங்க, நோயறை படங்களுக்கு முன்னாடி மட்டும் அவங்க கேள்விக்கு பதில் சொல்ல தயாரா இருங்க, கண்டிப்பா கேப்பாங்க.

மேல் மாடிக்கு போனா ஃபியோர்டுக்கு (நிலத்துக்குள்ள நீண்டு வர்ற கடல்) அந்தப் பக்கம் எக்கெபெர்க் குன்று தெரியும், ஸ்க்ரீம்ல இருக்குற வானமும் வளைஞ்ச கடலும் அந்த சரிவுல இருந்து பாத்தது தான். டைம் இருந்தா டிராம் புடிச்சு அங்கயும் ஏறிடுங்க. மியூசியத்துக்கு வெளிய தண்ணி ஓரமா பிரிட்டிஷ் கலைஞர் டிரேசி எமின் செஞ்ச தாய் சிலை, ஒன்பது மீட்டர் வெண்கலம், 2022ல வெச்சது, முட்டி போட்டு கைக்குள்ள எதையோ பொத்தி வெச்சிருக்குற ஒரு பெண். அது நிக்குற துறைக்கு முங்க்கோட இன்னொரு தங்கச்சி இங்கர் பேர வெச்சிருக்காங்க.

மறுநாள் கைல இருந்தா நேஷனல் மியூசியத்துக்கும் போங்க, 1893 ஸ்க்ரீம் பெயிண்டிங் அங்க தான் இருக்கு. பைத்தியக்காரன் தான் இத வரைஞ்சிருக்க முடியும்னு அதுல பென்சில்ல பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், அது முங்க்கோட கையெழுத்தே தான்னு 2021ல உறுதி பண்ணாங்க. நோயாளி குழந்தையோட முதல் வெர்ஷனும் அங்க தான், அதுல பெயிண்ட்ட பூசி, சுரண்டி, திரும்ப பூசி, திரும்ப சுரண்டின கீறல் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். முங்க் மியூசியம் முடிச்சுட்டு போனீங்கன்னா அந்த கீறல் முன்னாடி நீங்களே ரொம்ப நேரம் நிப்பீங்க.